ஏனோக்கின் கன்னத்துச் சிவப்பு

1826, நான்காம் மாதம் 12

காலை முழுவதும் மழை. துவைத்த துணிகளை அடுப்பறையிலேயே கயிறு கட்டி உலர்த்தினோம். ஃபீபி மாவு பிசைந்துகொண்டிருந்ததால் தபாலை நான்தான் போய் வாங்கினேன். எனக்குத்தான் ஒரு கடிதம். பிலடெல்பியா நகர விழாக் குழுவின் முத்திரை.

“ஏப்ரல் பத்து” என்று தேதி போட்டிருந்தார்கள். எங்கள் குவேக்கர் கிறிஸ்தவ சபைக்கு வெளியே உள்ளவர்கள் இன்னும் ரோமானியர் வைத்த பெயர்களைத்தான் மாதங்களுக்குச் சொல்கிறார்கள்.

விஷயம் இதுதான். நாடு விடுதலை அறிவித்து ஐம்பது ஆண்டு நிறைகிறது. அந்த அறிவிப்பு நிறைவேறிய மண்டபத்திலேயே, போரில் இறந்த பென்சில்வேனியா அதிகாரிகள், அந்நாளைய மன்ற உறுப்பினர்கள் ஆகியோரின் சிற்றோவியங்களை வைத்துக் காட்டப்போகிறார்கள். “உங்கள் சகோதரர் லெப்டினன்ட் ஏனோக் பாஸ்மோரைத் தந்தத்தில் வரைந்த படம் ஒன்று உங்களிடம் இருக்கக்கூடும் என்று அவருடைய படைத்தோழர் கேப்டன் லுட்விக் ஷாஃப்னர் தெரிவிக்கிறார்.”

அப்படி ஒன்று இந்த வீட்டில் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நாற்பத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கேலப் தெரியாமலே இறந்தார். பெற்ற மகள் ஃபீபிக்கும் தெரியாது.

“யாரும்மா எழுதியிருக்கா?” என்றாள்.

“நகரத்துக்காரங்க” என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

நான்காம் மாதம் 13

படம் இருக்கும் பெட்டியைத் திறக்கவில்லை. கம்பளி நூல் உருண்டைகளுக்கு அடியில் இருக்கிறது.

நான்காம் மாதம் 16, வாரத்தின் முதல் நாள்

இன்று வழிபாட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. மற்ற வாரங்களில் அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். இன்று அதற்குள் ஒரு பழைய குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

1779. எனக்குப் பதினைந்து வயது. இதே மாதிரி பலகையில், பெண்கள் பக்கம், உட்கார்ந்திருந்தேன். சபை எழுத்தர் எழுந்து படித்தார்: “ஏனோக் பாஸ்மோர் நம்முடைய அமைதிக் கொள்கைக்கு மாறாக ஆயுதம் ஏந்தியதாலும், அன்போடு எடுத்துச்சொல்லியும் வருந்தாததாலும், தன் தவற்றை உணர்ந்து திரும்பும்வரை அவனை நம்மில் ஒருவனாக எண்ணுவதற்கில்லை.”

ஒரு வருத்தக் கடிதம் எழுதிக்கொடுத்திருந்தால் விட்டிருப்பார்கள். எத்தனையோ பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஏனோக் மாட்டேன் என்றான். “வருத்தமே இல்லாம வருந்துறேன்னு எழுதினா, அதுதான், டேசி, பொய்” என்றான் என்னிடம்.

அப்பா தொப்பியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஏனோக்கின் தட்டை அவர் கையாலேயே எடுத்து மேசையில் வைத்தார். அவன் சாப்பிட்டான். அந்த வாரமே படைக்குப் போனான்.

நான்காம் மாதம் 19

திறந்துவிட்டேன். ஃபீபி சந்தைக்குப் போயிருந்தாள்.

கட்டைவிரலின் மேல்கணு அளவுதான். சீவியெடுத்த தந்தம், மேலே கண்ணாடி, சுற்றிலும் பொன்முலாம் பூசிய வளையம். நீல அங்கி, சிவப்பு மார்பு மடிப்பு, வெள்ளைப் பொத்தான்கள். பின்புறக் கண்ணாடிக்குள் பழுப்பு முடி, மெல்லிய பின்னலாக.

கன்னத்தின் சிவப்பு நேற்று இட்டதுபோல இருக்கிறது. வரைந்த ஐசக் வான்ஹார்ன் சொன்னது நினைவு வந்தது. இரண்டாம் தெருவில், வடக்கு ஜன்னல் வைத்த மாடி அறை. தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவான். எப்போதும் கீழுதட்டில் ஒரு நீலப் பொட்டு இருக்கும். “கோடு காலத்துக்கும் நிக்கும், பொண்ணே. சிவப்பு நிக்காது. வெளிச்சம் குடிச்சிடும். மூடியே வை.”

மூடியேதான் வைத்தேன். அவன் சொன்னதற்காக அல்ல. பயத்தில்.

நான்காம் மாதம் 21

இதை எங்கேயும் எழுதியதில்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

ஒரு சிற்றோவியத்துக்கு மூன்று அமர்வு வேண்டும். முதலில் கோடு. இரண்டாவதில் தோலின் நிறம், கண், உதடு. மூன்றாவதில் உடையும் முடியும். 1781 மூன்றாம் மாதம், விடுப்பில் வந்திருந்தபோது ஏனோக் வான்ஹார்னிடம் ஒரே ஒருமுறை உட்கார்ந்தான். மறுநாளே படைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. முகாமிலிருந்து எழுதினான்: “பாதியில் நிற்கிறேன் டேசி. வான்ஹார்னிடம் சொல்லி என்னை முடித்து வாங்கி வை.”

போனேன். “ஆள் இல்லாம எப்படி முடிக்கிறது?” என்று வான்ஹார்ன் சலித்துக்கொண்டான். பிறகு என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினான். “ஆள்தான் இங்கயே நிக்குதே. உக்காரு.”

ஏனோக்குக்குப் புது அங்கி கிடைத்திருந்தது. பழையதை, படத்துக்கு வேண்டியிருக்கும் என்று, அங்கேயே விட்டுப் போயிருந்தான். நான் தலைக்குல்லாயைக் கழற்றினேன். அந்த அங்கியைப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள், இரண்டு இரண்டு மணி நேரம். போர் அங்கி, அதுவும் ஒரு குவேக்கர் பெண் மீது. அதில் குதிரை வாசமும் வெடிமருந்து வாசமும் இருந்தன. கை நீளமாக இருந்தது.

முடிந்ததும் பின்னல் வைக்க முடி கேட்டான். என் முடியைத்தான் வெட்டிக் கொடுத்தேன். ஒரே நிறம்.

அந்த அங்கிக்குள் உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. எழுத முடியாமல் இருந்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

ஏழாம் மாதம் ஆறாம் நாள், வர்ஜீனியாவில், கிரீன் ஸ்பிரிங் பண்ணைக்கு அருகே அவன் இறந்தான். வயலிலேயே புதைத்தார்களாம். கல் இல்லை. சபைப் பதிவேட்டில் நீக்கிய குறிப்பு மட்டும் இருக்கிறது. எழுத்தர் மாறி, அப்பா போய், அம்மா போய், இப்போது உலகத்தில் ஏனோக் என்று இருப்பது இந்தக் கட்டைவிரல் அளவு தந்தம்தான்.

கண்ணை மூடினால் எனக்கு வருவது அவனா, படமா? படம்தான். அதில் பாதி நான்.

நான்காம் மாதம் 28

இன்று வந்தார்கள். குழுவின் செயலர் பிளைத், முப்பது வயதுக்காரர், தோல் பையோடு. கூட லுட்விக் ஷாஃப்னர். லங்காஸ்டர் பக்கத்து ஜெர்மானியர். எழுபதை நெருங்குகிறார். பீரங்கிச் சத்தத்தில் இடது காது போய்விட்டது.

நான் கதவைத் திறந்ததும் ஷாஃப்னர் படியிலேயே நின்றுவிட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“மூச்சு வாங்குதா? உள்ள வந்து உக்காரு, லுட்விக் ஷாஃப்னர்” என்றேன். கேப்டனைப் போய் ‘நீ’ என்கிறாளே என்று பிளைத்தின் புருவம் ஏறியது. ஷாஃப்னர் சிரித்துவிட்டார்.

“விடுங்க பிளைத். நாங்க யாரையும் நீங்கன்னு சொல்ல மாட்டோம்னு இவங்க அண்ணன் சொல்லுவான். ஜெனரலையே நீன்னான் சார்! அவரு குதிரை மேல உக்காந்துக்கிட்டு ‘உம் பேர் என்ன லெப்டினன்ட்’ங்கிறாரு. இவன் தொப்பியைக்கூடத் தொடல. ‘ஏனோக் பாஸ்மோர். உன் பேரு எனக்குத் தெரியும்’னான்.”

“ஜெனரல் என்ன செஞ்சார்?” என்றார் பிளைத்.

“என்ன செய்வாரு? அன்னைக்கு ராத்திரி எங்க ரெண்டு பேரையும் காவலுக்குப் போட்டாரு. நான் என்ன பாவம் பண்ணினேன்?”

நான் சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். ஏனோக்கைப் பற்றி நான் கேட்டிராத ஒரு புதுச் செய்தி. நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு!

படத்தைக் கொடுத்தேன். பிளைத் ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்து, “நம்பவே முடியல. எங்களுக்கு வந்ததெல்லாம் பேய் மாதிரி வெளுத்துக் கிடக்கு. கழுத்துல போட்டுப் போட்டு வெயில் தின்னுடுச்சு. இதுல ரத்தம் ஓடுதே!” என்றார்.

ஷாஃப்னர் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “தழும்பு எங்க?” என்றார்.

“எந்தத் தழும்பு?”

“முகவாய்ல. சவரம் பண்ணும்போது தினமும் அங்க வெட்டிக்குவான். ‘தங்கச்சி கொடுத்த சீதனம்’னு திட்டிக்குவான்.”

நான் அதை மறந்தே போயிருந்தேன். அவனுக்கு ஏழு, எனக்கு நாலு வயது. தண்ணீர்க் குழாய்க் கல்லின் மேல் நான் தள்ளிவிட்டு வந்த தழும்பு. அதையா மறந்தேன்!

“ஓவியருங்க தழும்பையெல்லாம் வரைய மாட்டாங்க சார்” என்றார் பிளைத்.

“அதுவும் சரிதான். அவன்தான். அவனேதான்” என்று ஷாஃப்னர் படத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

அதோடு முடிந்திருக்கலாம். பிளைத் ஒரு தாளை நீட்டினார். ‘இவ்வோவியம் மேற்படி அதிகாரி நேரில் அமர, அவரையே பார்த்து வரையப்பட்டதென்றும், வேறெவர் சாயலும் இதில் இல்லையென்றும் உறுதியளிக்கிறேன்.’

“எல்லார்கிட்டயும் வாங்குறோம். போன வாரம் ஒருத்தர் மாமனார் படத்துல வீரர் சங்கத்துக் கழுகுப் பதக்கத்தைப் புதுசா வரைய வெச்சு எடுத்துட்டு வந்துட்டாரு. மாமனார் மாவு வியாபாரி. சண்டைப் பக்கமே போகல. நீங்க சத்தியமெல்லாம் பண்ண வேண்டாம், குவேக்கர்தானே. ஆமான்னு சொன்னாலே போதும். உங்க ஆமாவுக்கு மேல யாரு ஆமா இருக்கு?”

யோசிக்க வேண்டும் என்றேன். இருவருக்கும் விளங்கவில்லை. ஐந்தாம் மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறதாம்.

நான்காம் மாதம் 29

ஃபீபியிடம் படத்தைக் காட்டினேன். மறைக்க இனி ஒன்றும் இல்லை.

“இதை எங்கேம்மா வெச்சிருந்த?”

“உன் கம்பளி நூலுக்கு அடியில.”

“அப்போ நான் பின்னின அத்தனை காலுறைக்கும் கீழ ஒரு லெப்டினன்ட் படுத்திருந்தாரா!” சிரித்தாள். பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். “என்னம்மா இது. நீ என்னைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாப்பியே, அதே பார்வை.”

ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அங்கியைப் பற்றியும்.

அவள் சிரிப்பு நின்றது. “இது கிரேஸ் யார்னலுக்குத் தெரிஞ்சா?” கிரேஸ் எங்கள் சபையின் மேற்பார்வையாளர்களில் ஒருத்தி. நாற்பது வருடமாக வழிபாட்டில் எனக்கு அடுத்த இடம். “கையெழுத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மறுபடி நூலுக்கு அடியில வெச்சிடு. உன்னை வெளியே அனுப்பிடுவாங்கம்மா.”

“வெச்சுட்டா ஏனோக் என்ன ஆவான்?”

“மாமா செத்துட்டாரு. நீ இருக்க.”

ஐந்தாம் மாதம் 3

மூன்று முறை பேனாவை மையில் தொட்டேன். மை காய்ந்தது.

கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் அவன் முகம் அந்த மண்டபத்தில் இல்லை. உண்மையை எழுதினால் நான் போட்ட அங்கி ஊருக்குத் தெரியும். வேறு வழி உண்டா? இல்லை. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஐந்தாம் மாதம் 11

ஷாஃப்னர் தனியாக வந்தார். இஞ்சி ரொட்டி கொடுத்தேன். கேட்கும் காதின் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

“அன்னைக்குக் கதவைத் திறந்தீங்களே. நிலையைப் புடிச்சேனே, மூச்சு வாங்கியில்ல. ஏனோக் வெள்ளைக் குல்லா போட்டுக்கிட்டு கிழவனாகி நிக்கிறான்னு நெனச்சேன்.” தொடர்ந்தார்: “படத்தைப் பாத்து அவன்தான்னு சொன்னேன். சத்தியமாத்தான் சொன்னேன். ஆனா அதுக்கு முன்னாடியே உங்களைப் பாத்துட்டேனே. எனக்கும் முகம் போயிடுச்சும்மா. குரல் இருக்கு. நடை இருக்கு. வெட்டிக்கிட்டுத் திட்டுறது இருக்கு. முகம் போச்சு.”

எங்கள் வழிபாட்டுக் கூடம்போல இருந்தது அடுப்பறை.

“கையெழுத்து போட்டுடுங்க” என்றார். “செத்தவனுக்காக ஒரே ஒரு கையெழுத்து. யாருக்குத் தெரியப்போகுது?”

“அவனும் ஒரே ஒரு கையெழுத்தைப் போட மாட்டேன்னுதான் வெளியே போனான், லுட்விக்.”

தலையாட்டினார். “ஆமா. கழுதை” என்றார், அன்பாக.

ஐந்தாம் மாதம் 13

பிளைத்தின் தாளில் அச்சிட்ட வாசகத்தைக் குறுக்கே அடித்துவிட்டு எழுதினேன்: “முதல் அமர்வுக்கு என் அண்ணன் ஏனோக் உட்கார்ந்தான், கோடுகள் அவனுடையவை. மற்ற இரண்டு அமர்வுக்கும் அவன் அங்கியை அணிந்து நான் உட்கார்ந்தேன். பின்புறமுள்ள முடி என்னுடையது. டேசி லுக்கன்ஸ்.”

ஃபீபியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வழியில் ஆற்றில் போட்டுவிட நினைத்ததாகச் சொன்னாள்.

ஐந்தாம் மாதம் 24

பிளைத் எழுதியிருக்கிறார். மிகுந்த மரியாதையோடு. இரண்டு பேர் கலந்த முகத்தை ஓர் அதிகாரியின் உருவமாக ஏற்கக் குழு தயங்குகிறதாம்.

ஐந்தாம் மாதம் 25

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இன்று ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆறாம் மாதம் 14

ஷாஃப்னர் மூச்சிரைக்க வந்தார். இந்த முறை உண்மையாகவே மூச்சு வாங்கியது. குழுவின் கூட்டத்துக்குள் அழைக்காமலே நுழைந்திருக்கிறார்.

“ஒருத்தர் எழுந்து கேக்குறாரு, ‘பாதி பொம்பள முகத்தை வீரருங்களோட மாட்டுறதா?’ன்னு. நான் சொன்னேன், இங்க இருக்குற படத்துல எத்தனை தம்பியை உக்கார வெச்சு முடிச்சது? எத்தனை, ஆள் செத்தப்புறம் ஞாபகத்துல வரைஞ்சது? எல்லாரும் நேர்ல உக்காந்ததுன்னு கையெழுத்து போட்டுட்டீங்க. ஒரே ஒரு ஆள்தான் நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கு. அதை மட்டும் வெளிய தள்ளுறீங்களா?”

“என்ன சொன்னாங்க?”

“அப்புறம் ரெண்டு பேரு மெதுவா அவங்க தாளைத் திருப்பிக் கேட்டாங்க. திருத்தணுமாம்.” சொல்லிவிட்டு இருமும்வரை சிரித்தார்.

படத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நான் எழுதிய வாக்கியங்களை அப்படியே அட்டையில் எழுதி அடியில் வைப்பார்கள். அதற்குச் சம்மதமா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நின்று ஃபீபி வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

சம்மதம் என்றேன்.

ஏழாம் மாதம் 4

நான்கு மணிக்குப் போனேன், கூட்டம் குறையட்டும் என்று. குறையவில்லை. பீரங்கியும் மணியும் காதை அடைத்தன. ஷாஃப்னர் பழைய போர் அங்கியில் வந்திருந்தார். பொத்தான் ஒன்றுகூடப் பூட்டவில்லை. “அங்கி சுருங்கிடுச்சு” என்றார்.

ஜன்னலை ஒட்டி நீளமான கண்ணாடிப் பேழை. வரிசையாக முகங்கள். மன்றத்தில் பேசியவர்கள், படை நடத்தியவர்கள். எல்லாம் வெளிறி, ஆவி படிந்ததுபோல. நடுவில் ஒருவன் மட்டும் சிவந்த கன்னத்தோடு.

எனக்கு முன்னால் இரண்டு இளம்பெண்கள்.

“இவனைப் பாரேன். ஜுரம் வந்தவன் மாதிரி இருக்கான்.”

“ஜுரமில்லடி, வெக்கம். இத்தனை பேரு பாக்குறாங்கல்ல.”

பிறகு ஒருத்தி அட்டையைப் படித்தாள். மற்றவளுக்கும் படித்துக்காட்டினாள். இருவரும் குனிந்து மறுபடி படத்தைப் பார்த்தார்கள். தங்களுக்குப் பின்னால் நிற்கும் கிழவியை அவர்கள் பார்க்கவில்லை.

ஏழாம் மாதம் 9

விடுதலை அறிவிப்பில் கையெழுத்திட்ட முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் அந்த நாலாம் தேதியன்றே, ஒரே நாளில் இறந்துபோனார்களாம். ஊரெல்லாம் துக்க மணி. ஏனோக் இறந்த ஆறாம் தேதிக்கு யாரும் மணி அடித்ததில்லை. இந்தச் சத்தத்தில் கொஞ்சம் அவனுக்காக எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் மாதம் 19

கிரேஸ் யார்னல் வந்தாள், இன்னொரு மேற்பார்வையாளரோடு. அட்டையை யாரோ படித்திருக்கிறார்கள். யாராக இருந்தால் என்ன.

கிரேஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பதினேழு வயசுல பண்ணினது டேசி. ஒரே ஒரு வரி எழுதிக் கொடு. வருந்துறேன்னு. அடுத்த மாசக் கூட்டத்துல படிப்போம், முடிஞ்சுது.”

“எதுக்கு வருந்தணும்?”

“அங்கியைப் போட்டதுக்கு. அந்தப் படத்தைப் போர் விழாவுக்குக் கொடுத்ததுக்கு.”

“ஏனோக் சண்டைக்குப் போனதுக்கு நான் வருந்தாத நாள் இல்ல, கிரேஸ். அதை எழுதித் தரேன்.”

“அதைக் கேக்கலடி.”

தெரியும், அதைக் கேட்கவில்லை.

எட்டாம் மாதம் 2

“நான் வருந்துகிறேன்” என்று எழுதிப் பார்த்தேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. படித்துப் பார்த்தேன். வடக்கு ஜன்னலும், நீளமான கையும், குதிரை வாசமும் நினைவு வந்தன. வருந்தவில்லை. கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஒன்பதாம் மாதம் 20

கிரேஸ் இரண்டாம் முறை வந்தாள், தனியாக. ஆப்பிள் உரிக்கக் கூட உட்கார்ந்தாள். கூடை பாதி நிறையும்வரை சபையைப் பற்றிப் பேசவில்லை.

“எனக்கும் ஏனோக்கைத் தெரியும்ல” என்றாள் திடீரென்று. “ஆத்துல பனி உறைஞ்ச வருஷம். சறுக்கிக்கிட்டு வந்து என் மேல விழுந்தான். எழுந்து மன்னிப்புக்கூடக் கேக்கல. ‘நீ ஏன் நடுவுல நின்ன?’ன்னான்.”

“அவன் முகம் ஞாபகம் இருக்கா?”

யோசித்தாள். “இல்ல. தொப்பி ஞாபகம் இருக்கு.” பிறகு இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எழுதித் தர மாட்டியா?”

“மாட்டேன்.”

“நான்தான் கூட்டத்துல சொல்லணும்டி, நீ எழுதலன்னு.”

“சொல்லு. அது உண்மைதானே.”

பத்தாம் மாதம் 11

படம் திரும்பி வந்தது. ஷாஃப்னர் உள்பையில் வைத்து எடுத்து வந்தார். பிளைத்தின் குறிப்பு ஒன்றும் கூட. ஜன்னலருகே மூன்று மாதம் இருந்ததில் கன்னத்து நிறம் சிறிது வெளிறிவிட்டதற்கு வருந்துகிறாராம். இனிமேல் இருட்டில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறார்.

பதினோராம் மாதம் 22

இன்று படித்தார்கள். எழுத்தர் இளையவர், என் பக்கம் பார்க்காமல் படித்தார்.

“டேசி லுக்கன்ஸ் நம்முடைய அமைதிக் கொள்கைக்கு மாறாகப் போர் அங்கி அணிந்ததாலும், போர் விழாவுக்குத் துணைநின்றதாலும், அன்போடு எடுத்துச்சொல்லியும் வருந்தாததாலும், தன் தவற்றை உணர்ந்து திரும்பும்வரை அவளை நம்மில் ஒருத்தியாக எண்ணுவதற்கில்லை.”

நாற்பத்தேழு வருடத்தில் வாசகம் மாறவே இல்லை. இனி அந்தப் பதிவேட்டில் ஏனோக் தனியாக இல்லை.

வழிபாட்டுக்கு வரலாம், தடையில்லை. கடைசிப் பலகையில் உட்கார வேண்டும். கிரேஸ் தன் பக்கத்தில் என் இடத்தில் குடையை வைத்திருந்தாள், யாரும் உட்காராதபடி.

வீட்டுக்கு வந்தேன். ஃபீபி அழுதிருந்தாள். மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைத்திருந்தாள். அப்பாவைப் பற்றி அவளிடம் நான் எப்போது சொன்னேன்?

பதினோராம் மாதம் 23

அடுப்பறை ஜன்னல் சட்டத்தில் ஓர் ஆணி அடித்துப் படத்தை மாட்டினேன். தெற்கு வெயில் நேரே விழும் இடம்.

“வெளுத்துடும்மா” என்றாள் ஃபீபி.

“வெளுக்கட்டும். இருட்டுல இருந்தது போதும்.”

1827, ஐந்தாம் மாதம் 9

இன்று துவைக்கும் நாள். வெயில் நன்றாக அடித்ததால் துணிகளை வெளியே போட்டோம். உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, வழக்கம்போல, ஜன்னலைப் பார்த்தேன்.

குளிர்காலம் முழுவதும் வெளிச்சம் தின்றதில் கன்னத்துச் சிவப்பு அநேகமாகப் போய்விட்டது. உதடும் போயிற்று. ஃபீபி சொல்லும் அந்தத் திட்டுகிற பார்வையும் இல்லை. முதல் அமர்வின் பழுப்புக் கோடுகள்தான் மிச்சம். மூக்கு, காது, நெற்றி. வான்ஹார்ன் சொன்னபடி நிற்கின்றன.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, படத்தை ஆணியிலிருந்து எடுத்து வாசலுக்குக் கொண்டுபோனேன். முகவாயில், கீழுதட்டுக்கு ஒரு நூல் கீழே, சாய்வாக, எறும்பின் கால் அளவில் ஒரு கோடு.

தழும்பு.

வான்ஹார்ன் அதையும் பார்த்திருக்கிறான். வரைந்திருக்கிறான். அதற்கு மேல்தான் என் முகவாயின் நிறத்தைப் பூசியிருக்கிறான்.

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர்க் குழாய்க் கல். ஏழு வயது. சட்டை முழுக்க ரத்தம். அம்மா ஓடி வந்து கேட்டபோது அவன் சொன்னான், “நானேதான் விழுந்தேன்.” அவன் சொன்ன ஒரே பொய். அதைச் சொன்ன முகம், இதோ, கண்ணுக்குள் இருந்தது.

ஷாஃப்னருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. உன் நல்ல கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் எழுதினேன்.